லான் சேனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லான் சேனி யார்?

அமெரிக்க மௌனப்பட காலத்தின் மிகப் பெரிய குணச்சித்திர நடிகர். 1883 ஏப்ரல் 1 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். இயற்பெயர் லியோனிடஸ் ஃபிராங்க் சேனி. 1913 முதல் 1930 வரை பதினேழு ஆண்டுகளில் 150க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவற்றில் பல, ஒன்றிரண்டு சுருளில் முடிந்துபோகும் குறும்படங்கள். கூனன், நொண்டி, கோமாளி, கடத்தல்காரன், கிழவி, ராணுவ சார்ஜெண்ட் என்று எல்லாம் ஆனார். இன்றைக்கு அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'வில் வரும் அந்த மண்டையோட்டு முகம் மட்டும்தான்.

அவருடைய பெற்றோர் காது கேளாதவர்கள் என்பது உண்மையா?

உண்மை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தந்தை ஃபிராங்க் முடிதிருத்துபவர். தாய் எம்மா. இருவருக்கும் காது கேட்காது. காது கேளாத பிள்ளைகள் பலரைப் பெற்ற தாய்வழித் தாத்தா ஜொனாதன் கென்னடி, 1874இல் கொலராடோவில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ஆக, சேனி பிறந்த வீட்டில் பேச்சு என்பதே கையும் முகமும்தான். அம்மாவின் மனநிலையை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தான் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததா என்பதையும் எதிரில் இருப்பவர் கண்ணில்தான் பார்க்க வேண்டும்.

பிறகு எம்மாவுக்குக் கடுமையான முடக்குவாதம் வந்து படுக்கையோடு படுக்கையானார். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட சிறுவன் லான், சில ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டான். தெருவில் கண்டது, கடையில் நடந்தது, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கட்டிலருகே நின்று நடித்துக் காட்டுவான். கைகளும் முடங்கிப்போன தாய்க்குச் சைகையில் விரிவாகக் கேள்வி கேட்க முடியாது. எனவே பார்த்தவுடன் புரிகிற மாதிரி நடித்தாக வேண்டும். இதைவிடக் கறாரான நடிப்புப் பள்ளி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மௌனப்பட நடிகர்களில் பலர் வாயசைத்துப் பேசி, வசன அட்டை வரும்வரை காத்திருப்பார்கள். சேனியின் படங்களில் அட்டையே தேவைப்படாத இடங்கள் நிறைய. அது ஏன் என்று இப்போது புரியும்.

மேடையில் இருந்தவர் சினிமாவுக்கு எப்படி வந்தார்?

விரும்பி வரவில்லை. பதின்வயதில் ஊர் அரங்கில் சாமான் எடுத்து வைக்கும் வேலை, சுவருக்குக் காகிதம் ஒட்டும் வேலை என்று எல்லாம் பார்த்துவிட்டு 1902 வாக்கில் இசை நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனார். பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, மேடை நிர்வாகம் எல்லாம் செய்தார். 1905இல் கிளீவா கிரெய்ட்டன் என்ற இளம் பாடகியை மணந்தார். 1906 பிப்ரவரியில் ஒக்லஹோமா சிட்டியில் மகன் கிரெய்ட்டன் பிறந்தான்.

கல்யாணம் நிம்மதியாக இல்லை. 1913 ஏப்ரல் 30 அன்று, சேனி வேலை பார்த்துக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் மெஜஸ்டிக் அரங்குக்கு வந்த கிளீவா அங்கேயே விஷம் குடித்தார். உயிர் பிழைத்தார், குரல் போயிற்று. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின, மணமுறிவும் வந்தது. அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளுக்கு இப்படி ஒரு பெயர் கெட்ட நடிகர் வேண்டாம். அப்போது ஹாலிவுட் சினிமா நாடகக்காரர்கள் மூக்கைச் சுளிக்கும் தொழில். நாள்கூலிக்கு ஆள் எடுப்பார்கள், பழைய கதையைக் கேட்க மாட்டார்கள். சேனி அங்கே போய்ச் சேர்ந்தார்.

1915இல் ஹேசல் ஹேஸ்டிங்ஸை மணந்தார். அவர் முன்பு சேனி இருந்த நாடகக் குழுவில் குழு நடனப் பெண்ணாக இருந்தவர். கடைசிவரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். மகனையும் விடுதியிலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள்.

யுனிவர்சல் ஸ்டூடியோவில் ஆரம்ப நாட்கள் எப்படி இருந்தன?

நூறு படங்களுக்கு மேல். பெரும்பாலும் வில்லன், கிழவன், அடியாள். அன்று ஒப்பனைப் பிரிவு என்று எதுவும் கிடையாது. அவரவர் பெட்டி, அவரவர் முகம். காலையில் வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தில் "தாடிக்காரன் வேண்டும்" என்று குரல் வந்தால் தாடியோடு நிற்பவனுக்கு வேலை. எந்த ஆளாகவும் மாறத் தெரிந்தவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அவருடைய வேஷம் போடும் திறமைக்குப் பின்னால் கலை இருந்தது, சோறும் இருந்தது.

1917 வாக்கில் வாரம் 125 டாலர் சம்பளமும் ஒப்பந்தமும் கேட்டார். நீ ஒருநாளும் வாரம் 100 டாலருக்கு மேல் பெறமாட்டாய் என்று ஸ்டூடியோ மேலாளர் சொல்ல, சேனி வெளியேறினார். ஆறு ஆண்டு கழித்து அதே யுனிவர்சல் தன் மிகப் பெரிய செலவுப் படத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டது.

திருப்புமுனை எந்தப் படம்?

1919இல் வந்த 'தி மிராக்கிள் மேன்'. ஜார்ஜ் லோன் டக்கர் இயக்கியது. ஒரு மோசடிக் கும்பல், சிற்றூரில் இருக்கும் குருட்டுச் சாமியாரை வைத்துப் பணம் பண்ணத் திட்டமிடுகிறது. கும்பலில் 'தவளை' என்ற பட்டப்பெயர் கொண்டவன் கை கால் கோணிய முடவனாக நடித்து, சாமியார் முன் 'குணமாகி' எழ வேண்டும். உடம்பை வளைக்கும் வித்தைக்காரர்களைத்தான் முதலில் தேடினார்கள். அவர்களுக்கு வளைய வந்தது, நடிக்க வரவில்லை. சேனி உடம்பை வளைக்கத் தெரியாதவர், ஆனால் வளைந்ததாக நம்ப வைத்தார்.

படம் அன்று 20 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. இன்று இருப்பது சில நிமிடத் துண்டு மட்டுமே. நல்லவேளையாக அதில் அந்தக் குணமாகும் காட்சி இருக்கிறது. தரையில் இழுத்துக்கொண்டு வருபவன் மூட்டு மூட்டாக நிமிர்கிறான். அவன் போலி என்பது நமக்குத் தெரியும். அப்படியும் மயிர்க்கூச்செறிகிறது. அவனைப் பார்த்து, உண்மையிலேயே நடக்க முடியாத ஒரு சிறுவன் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடக்கும்போது சேனியின் முகத்தைப் பாருங்கள்.

கால்களைக் கட்டிக்கொண்டு நடித்தது எந்தப் படத்தில்?

'தி பெனால்ட்டி', 1920. சிறுவயதில் மருத்துவர் தவறுதலாக இரண்டு காலையும் வெட்டிவிட, வளர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவின் குற்ற உலகத் தலைவனாகும் 'பிளிஸ்ஸர்ட்' என்ற பாத்திரம். கால்களைப் பின்புறம் மடித்து வாரால் இறுக்கி, முழங்கால்களைத் தோல் உறைகளில் நுழைத்துக்கொண்டு முழங்காலாலேயே நடந்தார். இரத்த ஓட்டம் தடைபடும் என்பதால் சிறிது நேரத்துக்கு மேல் தொடர்ந்து கட்டிவைக்க முடியாது.

எல்லோரும் கால்களைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது வேறு. பிளிஸ்ஸர்ட் பியானோ வாசிப்பான். மிதிகட்டையை அமுக்க அவனுக்குக் கால் இல்லை, கீழே ஒரு பெண் உட்கார்ந்து கையால் அமுக்குவாள். வாசிக்கும்போது அவன் முகத்தில் கொடூரம் இளகி, ஒரு நொடி வேறு மனிதன் தெரிவான். வலியைத் தாங்கத் தைரியம் போதும். அந்த ஒரு நொடிக்கு அது போதாது.

அவர் மேக்கப்புக்கு என்னென்ன பயன்படுத்தினார்?

மேடைக்காரர்கள் எல்லாரிடமும் இருந்த பொருட்கள்தான். எண்ணெய்ச் சாயம், மூக்கை மாற்ற மெழுகுக் களிமண் போன்ற பசை, ஒட்டுமுடி, பஞ்சு, கொலோடியன் என்ற திரவம். கொலோடியன் காயும்போது தோலை இழுத்துச் சுருக்கும், அதனால் தழும்பு போலத் தெரியும். பஞ்சின் மேல் அடுக்கடுக்காகப் பூசினால் கன்ன எலும்பு எழும்பும். பற்களுக்கு மேல் மாட்டும் கட்டுப்பற்கள் தனி. ரப்பர் முகமூடிகளை வார்த்தெடுக்கும் நுட்பம் அவர் காலத்துக்குப் பிறகுதான் பரவியது.

இன்னொரு சங்கதி, அன்றைய பிலிம். அது சிவப்பை உணராது. கன்னத்துச் சிவப்பு திரையில் கருப்பாகும், நீலக் கண் வெளிறிப்போகும். கண்ணாடியில் பார்ப்பது ஒன்று, திரையில் வருவது ஒன்று. எந்த நிறம் எந்தச் சாம்பலாக மாறும் என்ற கணக்கு சேனிக்கு மனப்பாடம். 1920களின் பிற்பகுதியில் எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் வந்தபோது ஒப்பனை முறையே மாறியது, அவரும் கூடவே மாறினார். 1929இல் வந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் 14ஆம் பதிப்பில் திரைப்பட ஒப்பனை பற்றி எழுத அவரைத்தான் கேட்டார்கள். நான்காம் வகுப்போடு நின்றவர் என்பதை நினைவில் வையுங்கள்.

அவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாட்டர்டாம் கூனனாக நடிக்க 30 கிலோ எடையைச் சுமந்தாராமே?

'தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்டர்டாம்' 1923இல் வந்தது. 70 பவுண்டு ரப்பர் கூன் என்று அன்று விளம்பரப்படுத்தினார்கள், அதுவே இன்றுவரை நகலெடுக்கப்பட்டு வருகிறது. கூன் பிளாஸ்டரால் ஆனது, எடை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது என்கிறார்கள் பிற்கால வரலாற்றாளர்கள். 70 பவுண்டைக் கட்டிக்கொண்டு தேவாலயச் சுவரில் தொங்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வலிக் கதைகள் ஸ்டூடியோவுக்கு வியாபாரம், சேனிக்கும் அதில் பெரிய ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் விளைவு நல்லதல்ல. நடிப்பைப் பார்க்க வேண்டிய இடத்தில் நாம் எடையை நிறுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கூனன் குவாசிமோடோ காது கேளாதவன். கூட்டம் கத்துவது அவனுக்கு வாயசைவாக மட்டும்தான் தெரியும். சவுக்கடி வாங்கித் தாகத்தில் துடிக்கும்போது எஸ்மெரால்டா என்ற பெண் தண்ணீர் கொடுக்க வருகிறாள், அவன் முதலில் விலகுகிறான். அந்த விலகலைக் கற்பனையில் இருந்து மட்டும் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காது கேளாதவர்களை ஊர் எப்படி நடத்தும் என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

ஃபேன்டம் முகத்தின் ரகசியம் என்ன?

மொட்டைத் தலை போலக் காட்டும் உறை, பஞ்சால் உயர்த்திய கன்ன எலும்பு, கருமை தீட்டிய கண்குழி, கோரைப் பல், மேலே தூக்கிக் கட்டிய மூக்கு நுனி. மூக்கைத் தூக்கக் கம்பி வைத்தார், இரத்தம் வரும் என்று ஒளிப்பதிவாளர் சார்லஸ் வான் எங்கர் பின்னாளில் சொன்னார். சேனி கடைசிவரை விளக்கவில்லை. படம் வெளியாகும்வரை அந்த முகத்தின் புகைப்படம் ஒன்றுகூட வெளியே போகாமல் யுனிவர்சல் பார்த்துக்கொண்டது. 1925 செப்டம்பரில் நியூயார்க் அரங்கில் ஜனங்கள் அதை முதல்முறையாகத் திரையில்தான் பார்த்தார்கள்.

அந்தக் காட்சியின் அமைப்பும் கெட்டிக்காரத்தனமானது. ஃபேன்டம் ஆர்கன் வாசிக்கிறான். அவன் நேசிக்கும் பாடகி கிறிஸ்டீன் பின்னால் இருந்து முகமூடியைப் பறிக்கிறாள். அவன் முகம் நம்மைப் பார்த்து இருக்கிறது, அவளுக்கு இன்னும் முதுகுதான். அவளுக்கு முன்னால் நாம் பார்த்துவிடுகிறோம். பிறகு அவன் திரும்புகிறான், அவள் பார்க்கிறாள், நாம் இரண்டாம் முறை பயப்படுகிறோம்.

இயக்குநர் ரூபர்ட் ஜூலியனுக்கும் சேனிக்கும் படப்பிடிப்பில் பேச்சுவார்த்தையே இல்லை. வான் எங்கர்தான் நடுவில் தூது போனார்.

அவரைத் திகில் நடிகர் என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள், சரியில்லை. அவர் படங்களில் பேய் பிசாசு கிட்டத்தட்டக் கிடையாது. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'டில் வரும் இரத்தக்காட்டேரிகூட வேஷம் கட்டிய துப்பறிவாளன்தான். சேனியின் நிலையான கதை வேறு: யாருக்கும் வேண்டாத ஒருவன் ஒரு பெண்ணை நேசிக்கிறான், அவள் வேறொருவனை விரும்புகிறாள், இவன் பழிவாங்குகிறான் அல்லது வழிவிடுகிறான், பெரும்பாலும் செத்துப்போகிறான். இது சோகக்கதை.

சான்றுக்கு 'ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்', 1924. எம்ஜிஎம் நிறுவனம் தொடங்கியபின் முழுதாகத் தயாரித்த முதல் படம், ஸ்வீடன்காரரான விக்டர் சியோஸ்ட்ரோம் இயக்கியது. தன் ஆராய்ச்சியையும் மனைவியையும் புரவலனிடம் பறிகொடுத்து, சபை நடுவே அறைவாங்கிச் சிரிப்புக்கு ஆளாகும் அறிஞன், சர்க்கஸில் அறைவாங்கும் கோமாளியாகிறான்.

இயக்குநர் டாட் பிரவுனிங்கோடு செய்த படங்களில் எது சிறந்தது?

பத்துப் படங்கள் செய்தார்கள். யோசிக்காமல் சொல்வேன்: 'தி அன்னோன்', 1927. கைகள் இல்லாதவன் போலச் சர்க்கஸில் காலால் கத்தி எறியும் அலோன்ஸோவுக்கு உண்மையில் கைகள் உண்டு. போலீஸுக்குப் பயந்து கட்டி மறைத்து வைத்திருக்கிறான். அவன் நேசிக்கும் நானோனுக்கு ஆண்களின் கை தன்மேல் படுவதே அருவருப்பு. அதனால் மருத்துவரை மிரட்டி, கைகளை நிஜமாகவே வெட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். வந்து பார்த்தால், அவளுக்கு அந்தப் பயம் தெளிந்துவிட்டது, பலசாலி மலபாரின் அணைப்பில் நிற்கிறாள். அப்போது அலோன்ஸோ சிரிக்கத் தொடங்குகிறான். அந்தச் சிரிப்பு எங்கே முடிந்து எங்கே வேறொன்றாகிறது என்று கோடு போட முடியாது. அதில் மேக்கப் எதுவுமே இல்லை.

கதையைச் சொன்னால் அபத்தம், பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது. நானோனாக நடித்தவர் ஜோன் கிராஃபோர்ட். நடிப்பு என்றால் என்ன என்று சேனியிடம்தான் தெரிந்துகொண்டதாக அவர் வாழ்நாள் முழுதும் சொன்னார். ஒரு திருத்தமும் உண்டு: காலால் சிகரெட் பிடிப்பது போன்ற நெருக்கமான காட்சிகளில் தெரியும் கால்கள் பால் டெஸ்மியூக் என்ற, உண்மையிலேயே கைகளற்ற கலைஞருடையவை.

சீனராக நடித்ததை இன்று எப்படிப் பார்ப்பது?

'ஷேடோஸ்', 'மிஸ்டர் வூ' உட்படப் பல படங்களில் சீன வேஷம் போட்டார். வேலைப்பாடு நுணுக்கமானது, பரிவும் உண்டு, அன்றைய மற்றவர்களின் கேலிச்சித்திரம் போல இல்லை. ஆனாலும் கணக்கு நேராகாது. 'பிட்ஸ் ஆஃப் லைஃப்' படத்தில் அவருக்கு மனைவியாக நடித்த அன்னா மே வாங் உண்மையான சீன-அமெரிக்க நடிகை. 'மிஸ்டர் வூ'வில் சீனப் பெண்ணின் தலைமைப் பாத்திரம் வெள்ளை நடிகைக்குப் போனது, வாங்குக்குத் துணை வேடம். அதைத் தீர்மானித்தது ஸ்டூடியோ. பலன் பெற்றவர்களில் சேனியும் ஒருவர்.

மேக்கப் இல்லாமல் நடித்த படம் உண்டா?

'டெல் இட் டு தி மரீன்ஸ்', 1926. முரட்டு சார்ஜெண்ட் ஓஹாரா. எம்ஜிஎம்மில் அவருக்கு அமைந்த பெரிய வெற்றிகளில் ஒன்று. அமெரிக்க மரீன் படை வீரர்களுக்கு அந்த சார்ஜெண்டை அவ்வளவு பிடித்துப்போய், சேனியைத் தங்கள் படையின் கௌரவ உறுப்பினராக்கினார்கள். நடிகர் ஒருவருக்கு அது முதல்முறை.

நிஜ வாழ்க்கையில் எப்படிப்பட்டவர்?

படத்துக்கும் படத்துக்கும் நடுவில் லான் சேனி என்று ஒருவன் இல்லை என்பார். விழாக்களுக்குப் போகமாட்டார், பேட்டி அரிது. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தால் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது. விளக்குப் பிடிப்பவர், தச்சர், துணை நடிகர்கள்தான் சிநேகிதர்கள். ஓய்வுக்கு சியர்ரா நெவாடா மலையில் மீன்பிடிக்கப் போவார். அங்கே அவருக்காகக் கல் வீடு ஒன்றை வடிவமைத்தவர் பால் வில்லியம்ஸ், புகழ்பெற்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர்.

"அந்தச் சிலந்தியை மிதிக்காதே, லான் சேனியாக இருக்கப்போகிறது" என்பது 1920களில் அமெரிக்கா முழுக்கச் சொல்லிச் சிரித்த பகடி.

பேசும்படம் வந்தபோது என்ன செய்தார்?

தயங்கினார். முகத்தை மாற்றலாம், ஒரே குரலை எல்லாப் பாத்திரத்துக்கும் கொடுத்தால் மாயம் கலைந்துவிடும் என்ற கவலை. கடைசியில் 1930இல், தன்னுடைய 1925 வெற்றிப் படமான 'தி அன்ஹோலி த்ரீ'யையே பேசும்படமாக மீண்டும் எடுக்கச் சம்மதித்தார். வயிற்றுக்குரல் வித்தைக்காரன், அவன் போடும் கிழவி வேஷம், பொம்மை, கிளி, ஒரு பெண் என ஐந்து குரல்களில் பேசினார். எல்லாம் என் குரலே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரத்திலும் கையெழுத்திட்டார், ஸ்டூடியோ அதை விளம்பரமாக்கிக்கொண்டது. காது கேளாதவர்களின் மகனுக்குக் குரலும் வசப்பட்டது. ஒரே ஒரு படத்துக்கு.

எப்படி இறந்தார்?

நுரையீரல் புற்றுநோய். 1929இல் 'தண்டர்' படப்பிடிப்பின்போதே உடல்நிலை கெட்டது. செயற்கைப் பனித்துகள் தொண்டையில் சிக்கியதுதான் காரணம் என்ற கதை ஒன்று உலவுகிறது, அவர் சிகரெட்டை விடாமல் புகைத்தவர் என்பதை அது மறைத்துவிடுகிறது. கடைசி நாட்களில் பேச முடியாமல் போக, சைகையில் பேசினார். பேசும்படம் வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1930 ஆகஸ்ட் 26 அன்று தொண்டையில் இரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தார். வயது 47. கிளெண்டேலில் உள்ள ஃபாரஸ்ட் லானில் தந்தைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கல்லறையில் பெயர் பொறிக்கவில்லை.

லான் சேனி ஜூனியர் இவருடைய மகனா?

ஆம், கிரெய்ட்டன். மகன் நடிப்புக்கு வருவதைத் தந்தை விரும்பவில்லை. தந்தை இறந்தபின்தான் கிரெய்ட்டன் படங்களில் நடிக்கத் தொடங்கினார். சொந்தப் பெயரில் வாய்ப்பு சரிவர அமையாமல், 1935இல் ஸ்டூடியோக்காரர்களின் நெருக்கடிக்குப் பணிந்து 'ஜூனியர்' ஆனார். அந்தப் பெயர் அவருக்குக் கசப்பாகவே இருந்தது. 1941இல் வந்த 'தி வுல்ஃப் மேன்' அவர் அடையாளம்.

1957இல் வந்த வாழ்க்கை வரலாற்றுப் படத்தை நம்பலாமா?

ஜேம்ஸ் கேக்னியின் நடிப்புக்காகப் பாருங்கள், தகவலுக்காக வேண்டாம். சாகும் தறுவாயில் ஒப்பனைப் பெட்டியில் தன் பெயருக்குப் பின்னால் 'ஜூனியர்' என்று எழுதி மகனிடம் கொடுப்பதாக முடித்திருப்பார்கள். மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரியும்.

எத்தனை படங்கள் மிஞ்சியிருக்கின்றன?

பெரும்பாலானவை போய்விட்டன. நைட்ரேட் பிலிம் எரியும், மட்கும். ஓடி முடிந்த மௌனப்படத்துக்கு ஸ்டூடியோவில் மதிப்பும் இல்லை. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'டின் கடைசிப் பிரதி 1965இல் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் அழிந்தது. 2002இல் புகைப்படங்களை வரிசையாகக் கோத்து ஒரு வடிவம் செய்தார்கள். அதன் அசல் சுவரொட்டி ஒன்று 2014 ஏலத்தில் 4,78,000 டாலருக்குப் போனது. என் சொந்த அபிப்பிராயம்: காணாமல் போனதால்தான் அதற்கு இவ்வளவு புகழ். சேனியின் படங்களில் ஒன்றை மட்டும் மீட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் 'தி மிராக்கிள் மேன்' முழுப் பிரதியைத்தான் கேட்பேன்.

எதிர்பாராமல் கிடைத்தவையும் உண்டு. அவர் ஃபேகினாக நடித்த 1922 'ஆலிவர் ட்விஸ்ட்' 1970களில் யூகோஸ்லாவியாவில் அகப்பட்டது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'தி அன்னோன்'. ஒரு மணி நேரம்தான். ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 2022இல் விடுபட்ட பகுதிகளைச் சேர்த்துச் சீரமைத்த பிரதி கிடைத்தால் நல்லது. அடுத்து 'ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்', பிறகு 'ஃபேன்டம்'. கூனன் படத்தை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள், அது நீளம், சேனி வராத இடங்களில் தொய்வு. குரல் கேட்க 1930 'அன்ஹோலி த்ரீ'.

1929 வரை வெளியான அவருடைய படங்கள் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிவிட்டன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் இலவசப் பிரதிகள் பலவற்றில் படம் வேகமாக ஓடி, நடிகர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள், பின்னணியில் சம்பந்தமில்லாத இசை ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால் ஓடும் வேகத்தைச் சற்றுக் குறைத்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். 'ஃபேன்டம்' தேடும்போது இன்னொன்று: யுனிவர்சல் 1930இல் அதற்கு ஒலி சேர்த்து மறுவெளியீடு செய்தது. அப்போது சேனி எம்ஜிஎம் ஒப்பந்தத்தில் இருந்ததால் அதில் அவர் குரல் கிடையாது.